ஏழாவது வாசல்

கியூம்ரியில் அன்று உறைநிலைக்கும் இருபது பாகை கீழே.
ஏழு காயங்களின் தேவாலயத்து வாசலில்
கை காட்டி நிறுத்தினாள்.
காலடியில் இரண்டு அலுமினியக் குண்டான்கள்,
மூடிமேல் துணி, துணிமேல் லவாஷ் ரொட்டி.
"ஏழு வீடு போகணும். எவ்வளவு?"
சொன்னேன். பேரம் பேசவில்லை.
பேரம் பேசாதவர்களைக் கண்டால் எனக்குப் பயம்.

வண்டி முழுக்க ஆவி.
உப்பு மட்டும் போட்டு வேகவைத்த ஆட்டுக்கறி வாசம்.
பாதிரியார் ஜெபித்துக் கொடுத்த உப்பை
ஆடு நக்கிய பிறகுதான் கத்தி எடுத்தார்களாம்.
மகன் எல்லையிலிருந்து திரும்பிவிட்டான், அதற்கான நேர்ச்சை.
எப்படித் திரும்பினான் என்று அவள் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
பொழுது சாய்வதற்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டும்.
ஒரு துண்டுகூட
அவள் அடுப்படிக்குத் திரும்பக் கூடாது.

நிலநடுக்கம் முடிந்த குளிர்காலத்தில்
தற்காலிகம் என்று சொல்லி இறக்கிய இரும்புப் பெட்டிகள்.
அவற்றில் பிறந்தவர்களுக்குக்கூட
நரைக்கத் தொடங்கிவிட்டது.
அங்கேதான் நான்கு வீடு.
ஒருவர் எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்.
மேல்கோட்டு போட்டு, பொத்தானெல்லாம் மாட்டி,
தலை வாரி, பிறகு வந்து வாங்கினார்.
அதுவரை பனியில் நின்றோம்.
அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.
குண்டானைக் கீழேயும் வைக்கவில்லை.

ஆறு முடிந்தது.
தாளிலிருந்த ஏழாவது பெயர்
போன மாதமே ரஷ்யாவுக்குப் போய்விட்டது.
மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.
"உனக்குத் தெரிந்த வீடு ஏதாவது இருக்கா, தம்பி?"

இந்த ஊரில் எனக்குத் தெரியாத சந்து கிடையாது.
எந்தப் புகைபோக்கி எத்தனை நாளாகப் புகையவில்லை
என்பதுகூடத் தெரியும்.
ஆனால் நாக்கில் வந்து நின்றது
ஒரே ஒரு முகவரி.

"ஒன்று இருக்கு" என்றேன்.
"மூன்று பிள்ளைகள்.
அப்பன்காரன் ஏதோ வண்டி ஓட்டுகிறான்."

கொஞ்சம் தள்ளியே நிறுத்தினேன்.
சாத்தெனிக் கதவைத் திறந்தாள்.
குண்டானைப் பார்த்தாள், கிழவியைப் பார்த்தாள்,
அவள் தோளுக்கு மேலாக
முன்விளக்கு ஒன்று உடைந்த என் ஓப்பலைப் பார்த்தாள்.
நான் தலையைக் குனிந்து
ஓடாத வானொலியைத் திருகினேன்.
முந்தானையில் கை துடைத்துக்கொண்டு
இரண்டு கையாலும் வாங்கினாள்.
"ஏற்கப்படட்டும்" என்றாள்,
சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியபடி.

"நல்ல பெண். கண் கலங்கிவிட்டது அவளுக்கு."
"அடுப்புப் புகையாக இருக்கும்."

இறங்கும்போது பணம் நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.
வாங்காவிட்டால் தெரிந்துபோகும்.

அன்றிரவு பிள்ளைகள் எலும்பைக்கூட விடவில்லை.
சாத்தெனிக் எதையும் கேட்கவில்லை,
விளக்கை அணைத்த பிறகு ஒன்றைத் தவிர:
"அந்தப் பையனுக்குப் பெயர் என்ன?"
எனக்குத் தெரியவில்லை.
ஆறு வாசல் கூடவே போனவன்,
அதைக் கேட்டு வைக்கவில்லை.

மறுநாள் அந்தக் கூலியில் இரண்டு மெழுகுவர்த்தி.
மணலில் ஒன்றை நட்டேன், திரும்பி வந்தவனுக்கு.
இன்னொன்று,
ஆடு வாங்கிக் கட்டிவைத்தும்
அறுக்க நாள் வராத வீடுகளுக்கு.
அவர்கள் கொல்லையில் அது வளர்ந்துகொண்டே இருக்கும்.
எனக்கு முழு ஜெபம் ஒன்றும் வராது.
நடுவில் மறந்துவிடும்.
பெயர் சொல்லாமல் ஏற்றினால் போய்ச் சேருமா?
கதவு எண் தெரியாத சவாரிகள்
எத்தனையோ ஏற்றியிருக்கிறேன்.
தெருவைச் சொன்னால் போதும்,
விசாரித்துப் போய்விடலாம்.

ஒரு குண்டானின் மூடி
பின்சீட்டுக்கடியில் தங்கிவிட்டது.
கொண்டுபோய்க் கொடுக்க அவள் வீடு தெரியாது.
ஒவ்வொரு வளைவிலும் உருண்டு
கதவில் இடிக்கிறது.
சவாரிக்காரர்கள் திடுக்கிட்டு என்னவென்று கேட்கிறார்கள்.